யூதர் தெருவில் கடைசியாய் நடந்தவன்

போன மாதம் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். இத்தாலியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருதமுனைக்காரர் ஒருவர் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். வெனிஸ் நகரத்தில் நான் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அவருக்கும் வேலை. வயதில் மூத்தவரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, ஒங்கட வேலய இப்ப அங்க யாரும் செய்யல்ல, தெரியுமா? வாற சனத்துக்கெல்லாம் காதுல மாட்ட ஒரு சாமான் குடுத்திர்றாங்க. வழிகாட்டி எங்க நிண்டு கதைச்சாலும் காதுக்குள்ள கேக்கும்."

"அப்ப கடைசில நடக்கிறது யாரு?"

"கடைசில யாரு நடக்கிற? கடைசியா வாற ஆள்தான்!" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதில் நின்றது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் இன்றைக்கும் வியர்க்கும். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அதனால் அந்த வேலையைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வெனிஸ் கடலுக்குள் கட்டிய ஊர். கார் இல்லை, பஸ் இல்லை. வீதியாக ஓடுவது தண்ணீர். மனிதர்கள் நடந்துதான் போக வேண்டும். நடந்தால் எங்கே திரும்பினாலும் ஒரு பாலம், பாலத்துக்கு ஏறுபடி, இறங்குபடி. அந்த ஊரின் ஓர் ஓரத்தில் பழைய யூதர் குடியிருப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர் யூதர்கள் எல்லோரையும் அங்கேதான் இருக்கச் சொன்னார்களாம். பொழுதுபட்டால் வாசல்களைப் பூட்டிக் காவல் போடுவார்களாம். அகலத்துக்கு இடம் இல்லாததால் வீடுகளை மேலே மேலே கட்டியிருக்கிறார்கள். உள்ளே கூரை மிகவும் தாழ்வு. உயரமான ஆள் தலையைக் குனிந்துதான் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

அந்தத் தெருக்களை நடந்து பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் சனம் வரும். முன்னால் வழிகாட்டி போவார். கூட்டத்துக்குப் பின்னால் கடைசி ஆளாக நான் போவேன். அதுதான் என் வேலை.

அந்த வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டுப் போகவில்லை. முதலில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சட்டி கழுவினேன். ஒரு நாள் கழிவுப் பையைப் போட வெளியே வந்தபோது, வயதான பெண் ஒருவர் வழி தெரியாமல் பாலத்தடியில் அழுதுகொண்டு நின்றார். சற்று முன் அந்த வழியால் போன கூட்டத்தில் அவரைக் கண்டிருந்தேன். முகம் நினைவில் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவன் யாருடைய முகத்தைப் பார்க்கிறான்? அவர் காலில் போட்டிருந்த பச்சைச் சப்பாத்து நினைவில் இருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் முன்னால் நடந்து கூட்டத்தோடு சேர்த்துவிட்டேன்.

கூட்டத்தின் வழிகாட்டி சிஞ்ஞோரா லியா. சிஞ்ஞோரா என்றால் அம்மணி என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். வெள்ளைத் தலைமயிர், குட்டை உருவம், எப்போதும் கறுப்பு மழைச்சட்டை. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். அடுத்த நாள் சாப்பாட்டுக் கடையின் பின்கதவைத் தட்டினார். அவர் பேசியது இத்தாலிய மொழியில்தான். என் காதில் எல்லாப் பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

"நீ முஸ்லிமா?"

"ஓம்."

"நான் யஹூதி. எனக்குப் பின்னால நடக்க ஒனக்குக் கஷ்டமா இரிக்குமா?"

"நடக்கிற வேலதானே."

"கதைக்கிற ஆளா நீ?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு வா."

அந்த நாட்டுச் சட்டப்படி அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டி மட்டும்தான் விளக்கம் சொல்லலாம். வேறு யாராவது கூட்டத்துக்குக் கதை சொன்னால் பிடித்துத் தண்டம் போடுவார்கள். ஆகவே பேசாத ஆள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பேசாத வேலை என்றாலும் சும்மா நடக்கிற வேலை இல்லை. கூட்டம் பாலம் ஏறும்போது வலது பக்கமாகவே ஏற வைக்க வேண்டும். இடது பக்கம் அந்த ஊர்ச் சனத்துக்கு. அவர்கள் காய்கறி வண்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவார்கள். "அவங்க வாழுறாங்க, நாம பாக்கிறம். வாழுறவங்களுக்குத்தான் முதல்ல வழி," என்பார் சிஞ்ஞோரா. யாருடைய வீட்டுக் கொடியிலும் காயும் உடுப்பைப் படம் எடுக்க விடக்கூடாது. கால் ஏலாதவர் வந்தால் பாலம் குறைந்த வழியை நான் முன்னமே நடந்து பார்த்து வைத்திருப்பேன். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் என் குடையை ஒரு தரம் உயர்த்துவேன். அந்தக் குடை உயரும்வரை சிஞ்ஞோரா வாயைத் திறக்கமாட்டார். முன்வரிசையில் எவ்வளவு பெரிய மனிதர் நின்று மணிக்கூட்டைப் பார்த்தாலும் சரி, தடியூன்றி வரும் கிழவி வந்து சேரும்வரை அவர் மேலே ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆட்களை எண்ணும் விதத்தையும் அவர்தான் சொன்னார். முதல் நாள் நான் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியதும் என் கையைத் தட்டிவிட்டார். மனிதரை அப்படி எண்ணுவது அவர்களுக்குள் ஆகாது. எங்கள் உம்மாவும் பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு என்று ஏசுவார். அதனால் எனக்கு அது புதுமையாகப் படவில்லை. நான் சப்பாத்துகளைப் பார்த்து நினைவில் வைத்தேன். குனிந்த தலைக்கு அது இன்னும் சுகம்.

அந்தக் குடியிருப்பின் நடுவே பெரிய வெளி ஒன்று உண்டு. கம்போ என்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் யூத முதியவர்கள் தங்கும் இல்லம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கிருந்த வயோதிபர்களையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டு போய் ரயிலில் ஏற்றினார்கள். எல்லா வழிகாட்டிகளும் அந்த இல்லத்துக்கு நேர் முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்வார்கள். சிஞ்ஞோரா மட்டும் அங்கே நிற்கமாட்டார். கூட்டத்தை வெளியின் மறு ஓரத்துக்குக் கூட்டிப் போய், கிணற்றடியில் எல்லோரையும் நெருங்கி வரச் சொல்லி, தாழ்ந்த குரலில் சொல்வார்.

காரணத்தை நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"அந்த ஜன்னலுக்குள்ள இரிக்கிறவங்களுக்குக் காது கேக்கும். அவங்கட சொந்தக்காரர் செத்த கதய ஒரு நாளைக்கு எத்தின தரம் கேக்கணும்?"

அவர் சொல்லும்போது அழமாட்டார். யாராவது சத்தமாக அழுதால் பேச்சை நிறுத்திவிட்டு, அழுது முடியும்வரை காத்திருப்பார். நான் பிழை செய்தால் கூட்டத்துக்கு முன்னால் ஏசியதில்லை. எல்லோரும் போன பிறகு, "இண்டைக்கு அந்த மூலையில என்ன நடந்தது?" என்று கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் பிழை எனக்கே விளங்கிவிடும். நோன்பு காலத்தில் வழியை மாற்றி நிழல் விழும் பக்கமாகவே நடப்பார். அதற்கும் காரணம் சொன்னதில்லை. அதை நான் கண்டுகொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்து போகும் போதெல்லாம் கேள்விகள் இருந்தன. என் மச்சினன் ஒரு தரம் கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்கக் கேட்டான்: "என்ன மச்சான், யஹூதிட பின்னால வால் புடிச்சிக்கிட்டுத் திரியிறியாம்?"

"ஓம் மச்சான். வால் இல்லாட்டி மாடு எப்படி ஈ ஓட்டும்?" என்றேன். கூச்சக்காரன் வாயில் எப்போதாவது ஒரு நல்ல பதில் வரும். பந்தியே சிரித்தது.

சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. பலஸ்தீனத்துப் பிள்ளைகளுக்காக நான் துஆக் கேட்காத நாள் இல்லை. அது சிஞ்ஞோராவுக்கும் தெரியும். அந்தச் செய்திகள் வரும் நாட்களில் கம்போவில் துவக்குப் பிடித்த காவலர்கள் கூடுதலாக நிற்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "ஒங்கட வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று மட்டும் கேட்பார். நான் அவருடைய வீட்டைக் கேட்பேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் போகவில்லை. எங்கள் நாட்டு யுத்தத்தில், பொழுதுபட்டால் வெளியில் போக ஏலாத காலம் எங்கள் ஊர்களுக்கும் இருந்தது. பூட்டிய வாசலைப் பற்றி அவர் சொல்லும்போது அந்த நாட்கள் எனக்கு நினைவு வரும்.

இனி அந்த ஆர்ஜென்டினாப் பெரியவரின் கதையைச் சொல்கிறேன். இவ்வளவும் எழுதியது இதைச் சொல்லத்தான்.

அவர் மகளோடு வந்திருந்தார். மிகவும் தளர்ந்த மனிதர், மண்ணிறச் சப்பாத்து, ஒரு காலை இழுத்து நடை. அவருடைய தகப்பன் அந்தக் குடியிருப்பில் பிறந்தவர். போர்க் காலத்தில் தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனபோது இவர் தாயின் வயிற்றில் இருந்தார். தாய் தப்பிக் கடல் கடந்து போய்விட்டார். தகப்பனுக்கு அடங்கிய கப்று இல்லை, இறந்த நாளும் தெரியாது. அதனால் பிடித்துக்கொண்டு போன நாளையே இறந்த நாளாக வைத்துக்கொண்டார்கள். அந்த நாளில் மகன் ஓத வேண்டிய ஒரு பிரார்த்தனை உண்டு. வாழ்நாள் முழுவதும் வேறு ஊரில் ஓதியவர், ஒரு தரமாவது தகப்பன் பிறந்த இடத்தில் ஓத வேண்டும் என்று வந்திருந்தார். அன்றுதான் அந்த நாள். மறுநாள் காலையில் விமானம். "இனி ஒரு தரம் இவ்வளவு தூரம் வர வாப்பாட ஒடம்புக்கு ஏலா," என்று மகள் சிஞ்ஞோராவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தப் பிரார்த்தனையைத் தனியாக ஓத முடியாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் சேர வேண்டும். சூரியன் விழுமுன் முடிக்கவும் வேண்டும். அவர்களுக்கும் எங்களைப்போல மஃரிபோடு நாள் மாறிவிடும்.

சிஞ்ஞோரா எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். கூட்டத்திலேயே சில யூத ஆண்கள் இருந்தார்கள். ஊரிலிருந்து சிலரை வரச் சொல்லி வைத்திருந்தார். கம்போவின் ஓரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய தொழுகை அறை. அதன் திறப்பை, அதாவது சாவியை, வைத்திருக்கும் பெரியவரும் வந்துவிட்டார். ஆனால் முதியோர் இல்லத்திலிருந்து வரவேண்டிய ஒருவருக்கு அன்று பின்னேரம் சுகமில்லாமல் போய்விட்டது. அது யாருக்கும் தெரியாது.

நான் அதற்கு முன் சாமான் அறையில் அஸர் தொழுதுவிட்டு அவசரமாக ஓடி வந்தேன். தலையில் இருந்த தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். நம்முடைய சாதாரண வெள்ளைத் தொப்பிதான். அவர்களும் தொழும்போது தலையை மூடுவார்கள். எல்லோர் தலையிலும் சின்னச் சின்னத் தொப்பி. நான் வாசலில் ஓரமாக நின்றேன்.

திறப்புக்காரர் ஆட்களைக் கணக்குப் பார்த்தார். அவர்களுடைய முறைப்படி, பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிச் சொல் என்மேல் விழுந்தது.

"சரி. கொச்சியிலிருந்து வந்தவரா? நல்லது, உள்ள வாங்க," என்றார்.

இந்தியாவில் கொச்சியில் கறுத்த நிற யூதர்கள் இருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். என் நிறத்தையும் தொப்பியையும் பார்த்து அவர் அப்படி எண்ணிவிட்டார். ஆர்ஜென்டினாப் பெரியவர் என் தோளைத் தொட்டு, கண் கலங்கி, தலையை ஆட்டினார். மகள் ஆறுதலாக மூச்சு விட்டார். சிஞ்ஞோரா வெளியில் யாரோடோ தொலைபேசியில் நின்றார், இதைப் பார்க்கவில்லை.

பேசாமல் நிற்பது எனக்குத் தெரிந்த வேலை. பேசாமல் நின்றிருந்தால் கிழவர் ஓதி முடித்துவிட்டு மனம் நிறைந்து போயிருப்பார். யாருக்கும் தெரிந்திராது.

அந்த நேரத்தில் எனக்கு எங்கள் வயல் பக்கத்துப் பள்ளிவாசல் நினைவு வந்தது. எங்களுக்கு ஜும்ஆவுக்கு அந்த ஊரில் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் குறைந்துவிட்டது. சம்மாந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு ட்ராக்டரை மறித்தார்கள். ஓட்டி வந்தவர் பாண்டிருப்புச் சிவலிங்கம். "நான் கோயிலுக்குப் போறவன் காக்கா, என்னப் புடிச்சி என்ன செய்யப் போறீங்க? ஒங்கட ஆதம்பாவாக் காக்கா வாய்க்கால் கட்டுல நிக்கிறார், ஏத்திட்டு வாறன்," என்று ட்ராக்டரைத் திருப்பினார். சேறும் சகதியுமாக ஆதம்பாவாக் காக்காவைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் கை கால் கழுவி வுழூச் செய்து முடிக்கும்வரை இமாம் காத்திருந்தார். சிவலிங்கம் அன்று தலையைத் தாழ்த்தி ஆளோடு ஆளாக நின்றிருந்தால் எங்கள் ஜும்ஆ என்ன ஆகியிருக்கும்?

"நான் யஹூதி இல்ல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் முஸ்லிம். இலங்கை. தொப்பி தொழுத தொப்பி. நீங்க ஒம்பது பேர்தான்."

பெரியவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மகள் முன்னால் வந்தார். "நான் இரிக்கிறன். நான் அவர்ட சொந்தப் புள்ள."

திறப்புக்காரர் மெதுவாகத் தலையாட்டி மறுத்தார். "எங்கட முறை அப்படி இல்ல மகள்."

"பத்து மணித்தியாலத்துக்கு மேல பறந்து வந்திரிக்கன். நான் ஆளில்லையா?"

உள்ளே வந்த சிஞ்ஞோரா விஷயத்தை ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டார். "இஞ்ச வாங்க மகள், என்னோட நில்லுங்க. நான் இந்தத் தெருவுல பொறந்து இந்தத் தெருக் கதயச் சொல்லியே கிழடாப் போனவள். என்னையும் எண்ணமாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "சாமுவேல் கடையில இரிக்கிறானா?"

சாமுவேல் படத்துக்குச் சட்டம் அடிக்கிறவர். தொழுகை அறைக்கு எதிர்ப்பக்கம், கம்போவின் மறு கரையில் அவருடைய சின்னக் கடை. அவரும் யூதர்தான். ஆனால் பல வருடங்களாக எந்தத் தொழுகைக்கும் போனதில்லை. சுற்றுலாக் கூட்டங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "செத்தவங்கள மணித்தியாலக் கணக்குல வித்துத் தின்னுறீங்க," என்று ஒரு நாள் எல்லோர் முன்னிலும் சிஞ்ஞோராவைப் பார்த்துக் கத்தியவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"நான் போனா கதவப் பூட்டுவான்," என்றார் சிஞ்ஞோரா. "நீ போய்ப் பாரு."

என்னிடம் அவருக்குப் பகை இல்லை. அவருடைய கடைவாசலில் சனம் நிற்காமல் தினமும் கையை விரித்துத் தள்ளி நிறுத்துவது நான்தான். என்னை 'வால்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு தரமும் நன்றி சொன்னதில்லை. சில நாளில் கடைக்குள்ளிருந்து ஒரு தோடம்பழத்தை என்னை நோக்கி உருட்டிவிடுவார், அவ்வளவுதான்.

நான் ஓடினேன். சூரியன் எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் நின்றது. சாமுவேல் ஒரு சட்டத்தின் மூலைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார்.

"என்ன வால்? கூட்டத்தத் தொலச்சிட்டியா?"

"இல்ல. ஒரு ஆள் குறையுது."

"குறைஞ்சா தேடு."

"தேடித்தான் வந்தன்."

அவர் தூரிகையை வைக்காமலே நிமிர்ந்தார். விளங்கிவிட்டது. "லியா அனுப்பினாளா?"

"ஓம். அவ அனுப்பாட்டியும் வந்திரிப்பன்." பெரியவரின் கதையைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக யாரிடமும் நான் பேசியதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எண்ணிக்கைக்குத்தானே கூப்பிடுறாங்க," என்றார் கடைசியில். "எனக்கு நம்பிக்கை இல்ல. அது அவங்களுக்கும் தெரியும். எண்ணிக்கைக்கு ஒரு தல வேணும்."

"ஓம், எண்ணிக்கைக்குத்தான். என்னையும் எண்ணினாங்க. நான் கணக்குல சேரமாட்டன். நீங்க சேருவீங்க."

"நீ பேசாம நிண்டிரிக்கலாமே, மடையா. யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பெரியவருக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே." பிறகு இதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. "என்ட வாப்பாவச் சுனாமியில கடல் கொண்டு போச்சி. எங்க கொண்டு போய் அடக்கினாங்க எண்டு இண்டைக்கும் தெரியா. அவருக்கு ஜனாஸாத் தொழுவிக்கப் பள்ளியில நிண்டவங்க ஆரெண்டு எனக்குத் தெரியா. அதுல எத்தின பேருக்கு அவர முன்னப்பின்னத் தெரியும்? ஆனா வந்து நிண்டாங்க. வராட்டி நான் என்ன செய்வன்?"

சாமுவேல் பசைச் சட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்; சூரியன் பாதி இறங்கியிருந்தது.

"இந்தச் சட்டம் காயுறதுக்குள்ள வந்திருவன்," என்றார். எழுந்து இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்தார். வாசலில் நின்று தலையைத் தடவினார். "தொப்பி இல்ல. எங்க போட்டனோ, வருசக்கணக்கு."

நான் என் தொப்பியைக் கழற்றி நீட்டினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த ஊர்த் தையல்?"

"எங்கட ஊர். என்ட மனிசி தைச்சது."

தலையில் வைத்தார். அவருடைய பெரிய தலைக்குக் கொஞ்சம் சிறிதாக இருந்தது. பசைக் கையால் இழுத்துச் சரிசெய்தார். "கடையப் பாத்துக்க. ஒருத்தனும் படியில நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கம்போவைக் குறுக்காகக் கடந்து போனார். வாசலில் நின்ற சிஞ்ஞோரா விலகி வழிவிட்டார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் சாமுவேல் கடந்து போகும்போது அவர் தலையைச் சற்றுத் தாழ்த்தினார். அந்தத் தூரத்திலிருந்தும் எனக்கு அது தெரிந்தது.

அவர்கள் ஓதியதை நான் பார்க்கவில்லை. கடை திறந்து கிடந்தது; நான் படியில் காவல் நின்றேன். நடை முடிந்தும் எங்கள் கூட்டத்தில் யாரும் போகவில்லை. யூதர் அல்லாதவர்களும் கிணற்றைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நடுங்கும் கிழட்டுக் குரல் தனியாக எழுந்து வந்தது. இடையிடையே பல குரல்கள் சேர்ந்து "ஆமேன்" என்றன. நாங்கள் சொல்வதும் அதையேதான். எதிர்க் கூரையில் இன்னும் ஒரு கீற்று வெயில் இருந்தது.

முதலில் வெளியே வந்தவர் சாமுவேல். நேரே கடைக்கு வந்தார், என்னைத் தாண்டி உள்ளே போனார், உட்கார்ந்தார், சட்டத்தின் மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டிருந்தது. மறு மூலைக்குப் பசை பூசத் தொடங்கினார். தலையில் என் தொப்பி அப்படியே இருந்தது.

"இன்னும் என்னத்துக்கு வாசல்ல நிக்கிற?" என்றார், நிமிராமல். நான் தொப்பியைக் கேட்கவில்லை.

பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கம்போவைக் கடந்து என்னிடம் வந்தார். வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு சிஞ்ஞோரா என் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல, "இண்டைக்கு அந்த மூலையில என்ன நடந்தது?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "நாளைக்கு வெள்ளி. நீ பள்ளிக்குப் போகணும், பின்னேரம் வந்தாப் போதும்," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை லீவு கேட்க வெட்கப்பட்டு, கிடைத்த இடைவேளையில் ஓடிப்போய்த் தொழுது வந்தவன் நான். அதன் பிறகு எனக்கு வெள்ளி காலை வேலை இருக்கவில்லை.

முழங்கால் பாலங்களுக்கு இடம் கொடுக்காமல் போகும்வரை அங்கே நடந்தேன். பெரிய உத்தியோகம் எதுவும் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தெருவில் எனக்குப் பின்னால் யாரையும் விட்டு வந்ததில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

பெரியவர் ஓதிய அன்று இருட்டியதும், வெனிஸுக்கு எதிர்க்கரையில் மெஸ்த்ரேயில் நாங்கள் தங்கியிருந்த அறைக்கு வந்தேன். என்னோடு இருந்த சாய்ந்தமருது றபீக், இஷாவுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தான். என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"என்ன காக்கா, வெறுந்தலையோட வந்திரிக்கீங்க? தொப்பி எங்க?"

"தொழப் போயிரிக்கி," என்றேன். பாயில் அவனுக்குப் பக்கத்தில் நின்று தக்பீர் கட்டினேன்.